கிரகணம் பார்க்காத மீன்கள்

அக்காவின் மகனுக்குத் தலைக்குள் நீர் கட்டியது. சத்திரசிகிச்சை செய்து, மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அந்த நீரை வயிற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். பிள்ளை தேறினான். அக்காதான் தேறவில்லை. வயிற்றில் பிள்ளையோடு கிரகண நேரத்தில் வெளியே இறங்கினாள், அதுதான் இப்படி என்று அவளுடைய மாமியார் மானிப்பாய் முழுக்கச் சொல்லிவிட்டார். இறங்கவில்லை என்று அக்கா கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினாள். நானும் சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி, அவள் அன்று வாசற்படியைத் தாண்டவில்லை என்று வாதாடினேன். என்ன மடத்தனம். இறங்கியிருந்தால் குற்றம்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி அது.

வாதாடியது யார்? விலங்கியல் படித்துவிட்டு ஆய்வுகூடத்தில் வரிக்குதிரை மீன் வளர்க்கிறவள். சுண்டுவிரல் அளவுகூட வராத மீன். முட்டைக்குள் அதன் மூளை உருவாகுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். மூளையின் அறைகளில் பிசிர் எனப்படும் நுண்மயிர்கள் ஓயாமல் அடித்து நீரை ஓட வைக்கின்றன. அவை சரியாக அடிக்காவிட்டால் நீர் தேங்கி மூளையறை வீங்கலாம், உடம்பும் வளைந்துபோகும். இவ்வளவும் தெரிந்தும் கிரகணத்தைப் பற்றி வாதாடித் திரிந்தேன். என்மேல் எனக்கே கோபம் வந்தது.

ஒரு சனிக்கிழமை அந்த மாமியாரையும், பிள்ளையோடு அக்காவையும் ஓட்டோவில் ஏற்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டு நாள் குஞ்சுகளை வைத்தேன். நேராகக் கிடந்தவற்றுக்கு நடுவே சில வளைந்து கிடந்தன.

மாமி குனிந்து பார்த்தார். “எல்லாம் ஒரு தாயின்ரை குஞ்சுகளோ?”

“ஓம் மாமி. ஒரு தாய், ஒரு தகப்பன். ரெண்டிலையும் வெளியிலை தெரியாமல் இருந்த பிழை சில குஞ்சுகளிலை சேர்ந்திட்டுது.”

“அப்ப எங்கடை பிள்ளைக்கும் இதுதானோ?”

“அது தெரியாது மாமி. எத்தினையோ காரணம் இருக்கலாம். ஆனால் இந்த மீன் ஒரு கிரகணமும் காணேல்லை.”

மாமி மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிள்ளையைத் தோளில் போட்டிருந்த அக்கா அவர் நிமிரும்வரை காத்திருந்தாள்.

“மாமி, நான் அண்டைக்கு இறங்கினனான்தான். கொடியிலை காய்ஞ்ச உடுப்பு எடுக்க. கோயிலிலை பயத்திலை பொய் சொன்னனான்.”

எனக்கும் அப்போதுதான் தெரியும். மாமி என் முகத்தைப் பார்த்தார். அக்காவுக்காக நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.