பானு மட்டும் திறக்கும் டிராயர்

"ணங்... ணங்... ணங்..."

பக்கத்து லேப் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது மேனேஜர் ஆதிநாராயணன் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அவர் முன்னால் மேசையில் பானுவின் ரிலீவிங் லெட்டர். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"இன்னாம்மா அது?"

பானுவுக்குத் தெரியும். லேப்பில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் அலறல் அது. செய்யக் கூடாததை யாராவது செய்துவிட்டால்தான் அப்படிக் கத்தும்.

"சாராள் எதையோ தப்பா அமுக்கிட்டாங்க சார். நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீ போவாத. அதான டெஸ்ட்டே? அவங்களே தேடி எடுத்துக்கினு வரட்டும். வந்தா நான் கையெழுத்து போடறேன். அப்டித்தான பேசினோம்?"

அப்படித்தான் பேசியிருந்தார்கள். ஸ்டோர்ஸிலிருந்து லேப்புக்கு மாற்றப்பட்ட சாராள், பானுவின் உதவியில்லாமல் ஒரு பழைய சர்ட்டிஃபிகேட்டைத் தேடி எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பானுவுக்கு விடுதலை. திங்கட்கிழமை காலை தேர்வாய் கண்டிகையில் ஒரு புதிய கம்பெனியில் அவள் சேர வேண்டும். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள். இன்று சனிக்கிழமை, மணி இரண்டரை.

கதவு திறந்தது. நாற்பத்தைந்து வயது சாராள் குழந்தை மாதிரி உதடு நடுங்க நின்றாள்.

"பானு... டிராயர் எல்லாத்தையும் காணோம்மா. ஸ்கிரீன் காலியா கீது."

ஆதிநாராயணன் பேனாவை மூடினார். அந்தச் சின்ன சத்தம் பானுவின் நெஞ்சில் போய் விழுந்தது.

யார் இந்தப் பானு? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அங்கே லேப்பில் வேலை செய்பவள். உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுவதை ஹீட் என்பார்கள். ஒவ்வொரு ஹீட்டிலிருந்தும் ஒரு வில்லை இரும்பு லேப்புக்கு வரும். அங்கே உள்ள இயந்திரம் அதன்மேல் தீப்பொறி பாய்ச்சி, கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று சொல்லும். அந்த முடிவுதான் ஹீட்டின் சர்ட்டிஃபிகேட். அந்த இயந்திரம் வெளிநாட்டுப் பழசு. அது பேசுவது பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரோடு மட்டும்தான். முடிவுகளை டெஸ்க்டாப்பில்தான் கொட்டும். வேறு இடம் அதற்குத் தெரியாது.

ஆறு வருடம் முன்பு திரை முழுக்க ஃபைல் நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கம்ப்யூட்டர் மூச்சு விடவே திணறியது. பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சசிகுமார் அப்போது வந்து ஒரு சின்ன மென்பொருள் சேர்மானத்தை ஏற்றிக் கொடுத்தான். விண்டோஸ்காரர்கள் கொடுத்ததல்ல. எவனோ எழுதி இணையத்தில் இனாமாக விட்டது. ஃபைல்மேல் வலது பக்கம் அழுத்தினால் 'டிராயரில் போடு' என்று ஒரு வரி வரும். போட்டால் டெஸ்க்டாப்பில் வரிசையாக நிற்கும் டிராயர்களில் ஒன்றுக்குள் அது போய்விடும். திரை பளிச்சென்று ஆகிவிடும்.

பானுவின் வாழ்க்கையில் அதுவரை எதுவும் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. கணவன் சரவணகுமார் டிரெய்லர் ஓட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவான். கவரைப்பேட்டையில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அந்த டிராயர்கள்தான் அவளுக்குக் கிடைத்த முதல் அலமாரி. "எங்கம்மா வச்ச?" என்று யார் கேட்டாலும், "வுடுங்க, நான் எடுத்துத் தரேன்" என்பாள். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை அவளுக்கு என்ன செய்யப் போகிறது என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள்.

பானு போன் போட்டுக் கூப்பிட்டதில், மூன்றரை மணிக்குச் சசிகுமார் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி லேப்புக்குள் வந்தான். திரையைப் பார்த்ததும் வாயில் கை வைத்தான்.

"எக்கா! இது இன்னும் உசுரோட கீதா? இத்தை எழுதினவனே வுட்டுட்டுப் போயி அஞ்சு வருசம் ஆவுது!"

"வெளாடாத சசி. டிராயரைக் கொண்டாந்து குடு."

"தோ."

பத்து நிமிடம் தட்டினான். சாராள் பயத்தில் ஏதோ ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தியதில் சேர்மானம் படுத்துவிட்டிருந்தது. அதை எழுப்பி விட்டான். டிராயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பானுவுக்கும் உயிர் வந்தது.

"சரி, டெஸ்ட்டை முடிச்சிருவோம்" என்றார் பின்னால் நின்ற ஆதிநாராயணன். "மூணு வருசத்துக்கு முன்னாடி போன ஹீட்டு. நம்பர் நானூத்திப் பன்னண்டு. எடுங்கம்மா சாராள்."

சாராள் ஒரு டிராயரைத் திறந்தாள். வரிசையாகப் பெயர்கள், ஆங்கில எழுத்தில் தமிழ். மேனேஜர் குனிந்து சத்தமாகப் படித்தார்.

"கணேசன் அண்ணன் மழை ரெண்டாவது... பவர் கட்டு மூணு... பொங்கலுக்கு மொத நாள், எல்லாரும் அவசரம்... ஏம்மா, இன்னாம்மா இது? டைரியா?"

சசிகுமார் சிரித்துவிட்டான். பானுவுக்கு முகம் சிவந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஏப்ரல் பிறந்தால் ஹீட் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நானூற்றுப் பன்னிரண்டு என்று வருடத்துக்கு ஒன்று வரும். முதல் ஏப்ரலில் அதே நம்பரை அவள் போட்டபோது, 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா?' என்று டிராயர் கேட்டது. ஆம் என்றாள். பழையது அழிந்தது. அந்தப் பயத்தில் அன்று முதல் நம்பரே போடுவதில்லை. உலைக்காரர்கள் வந்து கேட்பதும் நம்பரையா? "பானும்மா, அன்னிக்கி மழையில ஊத்துனேனே, அதுல கார்பன் எவ்ளோ?" என்பார் உலையடி கணேசன். அவர்கள் கேட்டபடியே பெயர் வைத்தாள். வருடத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் போதும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லையே!

"இதுல நானூத்திப் பன்னண்டு எதும்மா?" மேனேஜர் யாரிடமென்று இல்லாமல் கேட்டார்.

பானு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கை தீயில் பட்டால் தானாக இழுத்துக்கொள்வதுபோல, பன்னிரண்டு வருடப் பழக்கம் அவளுக்கு முன்னால் பேசிவிட்டது.

"கணேசன் அண்ணன் பல்லு வலி."

சாராள் அந்தப் பெயரைத் தேடித் திறந்தாள். திரையில் விரிந்தது. ஹீட் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. அதே வருடம்.

 சாராள் மௌஸிலிருந்து கையை எடுத்து, பானுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா சசி?" என்றார் ஆதிநாராயணன். அவர் குரலில் கோபம் இல்லை, பெருமிதம் இருந்தது. அதுதான் பானுவைப் பயமுறுத்தியது. "இந்தப் பொண்ண எப்படிப்பா நான் வெளிய அனுப்புவேன்?"

"சார்... இன்னிக்கி கையெழுத்து..."

"ஏம்மா பானு, எனக்கு மட்டும் உன்னைக் கட்டிப் போடணும்னு ஆசையா? இந்தக் கம்பில எத்தினி பேரு ஊடு கட்டிக்கினு குடி கீறான்? நாளைக்கு ஒருத்தன் வந்து சர்ட்டிஃபிகேட் எங்கடான்னா, நான் யாரு பல்லு வலின்னு போய்க் கேப்பேன்? சசி, வேற வழியே கெடையாதா?"

சசிகுமார் தலையைச் சொறிந்தான். "பேரையெல்லாம் லிஸ்டா எடுத்துத் தரலாம் சார். ஆனா ஒவ்வொரு பேருக்கு எதுத்தாப்புலயும் நம்பரு, வருசம் எழுதணும். வேற யாருன்னாலும் ஒவ்வொண்ணையும் தெறந்து பாக்கணும், எக்காவுக்குத்தான் பேரைப் பாத்ததும் தெரியும். பதினாலாயிரம் கீது."

"ஒரு நாளைக்கு எத்தினி எழுதுவ?"

"டெஸ்ட்டுக்கு நடுவுலன்னா... அம்பது" என்றாள் பானு.

"அப்ப ஒரு வருசம். எழுதி முடி, மேள தாளத்தோட அனுப்பறேன்."

"சாயங்காலம் அஞ்சரைக்காவது வுடுங்க சார்."

"கடைசி ஹீட்டே எட்டு மணிக்குத்தானம்மா வருது? நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் லெட்டரைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியேறினார்.

அப்போது பானுவின் செல்போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. மணி நாலு இருபது.

அது மகள் தேவதர்ஷினி. பன்னிரண்டு வயது. சனிக்கிழமையும் பள்ளி உண்டு. பள்ளி விட்டு வீட்டுக்கு வந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டதும் ஒரு மிஸ்டு கால். 'உள்ளே இருக்கிறேன், கதவைச் சாத்திவிட்டேன்' என்று அதற்குப் பொருள். அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கு அம்மா வரும்வரை கதவு திறக்காது. போன மாதம் ஒரு சாயங்காலம் மின்சாரம் போன நேரத்தில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பானு வீட்டுக்குப் போனபோது பெண் கட்டிலுக்கடியில் இருந்தாள். மறுநாளே பானு வேறு வேலைக்கு மனுப் போட்டாள். அந்தக் கம்பெனி வேன் கவரைப்பேட்டை வழியாக வரும். ஆறேகாலுக்கு வீடு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

வழக்கமாக அவள் திருப்பி அழைப்பதில்லை. இன்று அழைத்தாள்.

"அம்மா! சார் கையெழுத்து போட்டுட்டாரா? திங்கக்கெழமலேர்ந்து சீக்கிரம் வந்துருவல்ல?"

"கொஞ்ச நாளாவும்டா."

"எத்தினி நாளு?"

பானு திரையைப் பார்த்தாள். "தாப்பா ரெண்டும் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்மா." குரல் சுருங்கிவிட்டது.

சாராள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் டீ வாங்கியாறேன்" என்று வெளியே போனாள்.

சசிகுமார் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டான். "எக்கா, ஒண்ணு சொல்லட்டா? இத்தை அப்டியே கழட்டிடறேன். ஃபைலெல்லாம் கம்ப்யூட்டரு தானா போட்ட ஏதோ ஒரு நம்பரா வந்து வுழும், ஹீட்டு நம்பரு இல்ல. டிராயரும் கெடையாது, நீ வச்ச பேரும் கெடையாது. பழைய சிஸ்டம், புட்டுக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். பேரே இல்லன்னா உன்னை வச்சிக்கினு அவரு இன்னா பண்ணுவாரு? வுட்டுத்தான ஆவணும்?"

ஒரு அழுத்து. அவ்வளவுதான். திங்கட்கிழமை, வேன், ஆறேகால் மணி, கட்டிலுக்கடியில் ஒளியாத மகள்.

"கடைசியா இதுல கை வச்சது யாருன்னு கேட்டா?" என்றாள் மெதுவாக.

பழி சாராள்மேல்தான் விழும். மதியம் அந்த 'ணங்' சத்தத்தைத் தொழிற்சாலையே கேட்டிருந்தது. சாராளுக்கு முதுகெலும்பு தேய்ந்து மூட்டை தூக்க முடியாமல்தான் லேப்புக்கு மாற்றல் கிடைத்தது. இங்கேயிருந்து அனுப்பினால் அவளுக்கு அடுத்த இடம் கேட்டுக்கு வெளியேதான்.

"வேணாம் சசி."

"உன் பொண்ணு..."

"வேணாம்னு சொல்றேன்ல?" அவள் கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள். அழும்போதும் அந்தக் கருவியைக் காப்பாற்றும் தன் கையைப் பார்த்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணிக் குடு. அந்த வலது பக்க மெனுவுல வர்ற வரி... 'டிராயரில் போடு'... அத்தை எடுத்துரு."

"எடுத்தா இனிமே எதையும் உள்ள போட முடியாதுக்கா. எல்லாம் வெளியதான் கெடக்கும்."

"கெடக்கட்டும். வருசம், நம்பரு போட்டு, மாசத்துக்கு ஒரு ஃபோல்டர்ல சாராளே வச்சிக்கட்டும். உள்ள இருக்கறது பதினாலாயிரம். பதினாலாயிரத்து ஒண்ணு ஆவக் கூடாது."

அவன் கீபோர்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். சற்று நேரம் தட்டினான். பானு மௌஸைப் பிடித்து ஒரு ஃபைல்மேல் வலது பக்கம் அழுத்திப் பார்த்தாள். அந்த வரி இல்லை.

"டப்பு எவ்ளோ சசி?"

"போக்கா, நான்தான உன்னை இதுல மாட்டி வுட்டேன்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். பெயர் லிஸ்டை நாளைக் காலை அனுப்புவதாகச் சொன்னான். பானு ஒரு நீள நோட்டை எடுத்து முதல் கோட்டைப் போட்டாள். முதல் டிராயரைத் திறந்து, முதல் பெயரைப் பார்த்து, அதற்கு எதிரில் வருடத்தையும் நம்பரையும் எழுதினாள்.

"வரேங்கா."

அவள் நிமிரவில்லை. சூடு உள்ளே வந்தால் இயந்திரத்துக்கு ஆகாது என்பதால் லேப் கதவுக்கு ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். சசிகுமார் வெளியே போனதும் அது தானாகத் திரும்பி வந்து, இறுக மூடிக்கொண்டது.