ஒரு ராத்திரி தங்கிய ஊர்

சவ அடக்க நிலையத்துப் பெண் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "நிரந்தர முகவரி?" என்று கேட்டாள்.

ராய்ஸ் டில்லட்சன் தெற்கு டக்கோட்டாவின் ஒரு தெருப் பெயரைச் சொல்லி, பெட்டி எண்ணையும் சொன்னான்.

"அது தபால் வாங்கி அனுப்புற கடையாச்சே சார். அவங்க குடியிருந்த வீடு?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். படுக்கையும் சமையலறையும் குளியலறையும் கொண்ட முப்பத்திரண்டு அடி நீள வண்டி வாகன நிறுத்தத்தில் நான்கு இடங்களை அடைத்துக்கொண்டு நின்றது. நான்கு வருடமாக அதுதான் வீடு.

ஓஹையோவில் வீட்டை விற்றபோது ராய்ஸுக்கு ஐம்பத்தெட்டு, மனைவி மார்லிஸுக்கு ஐம்பத்தேழு. அரசாங்க மருத்துவக் காப்பீடு அறுபத்தைந்து வயதில்தான் வரும். அதுவரை சொந்தமாக ஒன்று வாங்கிச் சமாளிக்க வேண்டும். ஓஹையோவிலேயே இருந்த மகள் கெண்ட்ரா, "என் விலாசத்தையே வச்சுக்கங்கப்பா. இங்க டாக்டருங்க இருக்காங்க, எல்லாம் தெரிஞ்சவங்க" என்றாள்.

"பொண்ணு வீட்டுத் தபால் பெட்டில என் பேரு தொங்க வேண்டாம்" என்றான் ராய்ஸ்.

வண்டியில் வாழ்கிறவர்கள் செய்வதையே அவனும் செய்தான். தெற்கு டக்கோட்டாவில் வருமான வரி இல்லை. ஒரு முகாமில் ஒரு ராத்திரி தங்கி, அந்த ரசீதைக் காட்டினால் அந்த மாநிலத்துக்காரர் என்று ஓட்டுநர் உரிமம் தருவார்கள். "ஒரு தூக்கம் போட்டதுக்கு ஊர்க்காரி ஆயிட்டேன். கல்யாணத்துக்குக்கூட இதைவிட அதிக காகிதம் கேட்டாங்க" என்று மார்லிஸ் சிரித்தாள். காப்பீட்டையும் அந்த விலாசத்திலேயே வாங்கினான். காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தை அவன் படிக்கவில்லை.

நான்காவது குளிர்காலம். அரிசோனாப் பாலைவனத்தில் நிறுத்தியிருந்தார்கள். மாதவிடாய் நின்று பத்து வருடமான மார்லிஸுக்கு ரத்தம் பட்டது. உள்ளூர் மருத்துவமனையில் தசை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ராய்ஸ் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டான். மறுமுனையில் பொறுமையான குரல்.

"உங்க மாநிலத்துக்கு வெளியே அவசர சிகிச்சை மட்டும்தான் சார். ரத்தம் நிக்காம கொட்டுதா?"

ராய்ஸ் மார்லிஸைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சொட்டுச் சொட்டாத்தான்" என்றான்.

"அப்போ அவசரம் இல்ல சார்."

விஷயம் கேட்டு கெண்ட்ரா போனில் கத்தவில்லை. அவள் விமான இயந்திரச் சோதனைப் பொறியாளர். கோபம் வந்தால் குரல் தாழும். "விமானத்துல போங்க. டக்கோட்டால டாக்டர்கிட்ட ஜனவரி பதினாலு நேரம் வாங்கியிருக்கேன். டிக்கெட் நான் போடுறேன்."

"வண்டியை யாரு பார்ப்பா? அதுல அங்க போனா குழாயெல்லாம் உறைஞ்சு வெடிக்கும். ஏப்ரல்ல எப்படியும் வடக்கே போறோம்ல."

"அப்பா, குழாய் பத்தியா பேசுறீங்க?"

மார்லிஸ் போனை வாங்கினாள். "விடுடி. உங்கப்பா பனியில ஓட்டினா எனக்கு முன்னாடி அவருக்கு ஆம்புலன்ஸ் வேணும். ஏப்ரல் போதும்."

கெண்ட்ரா நேரத்தை ஏப்ரலுக்கு மாற்றினாள். மார்லிஸ் நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டாள். அதுவரை தினமும் நடந்தாள், சீட்டாடினாள், பக்கத்து வண்டிக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். மார்ச்சில் ரொட்டி சுடுவதை நிறுத்தினாள்.

ஏப்ரலில் டக்கோட்டாவில் பரிசோதித்தபோது கருப்பைப் புற்றுநோய் கல்லீரல்வரை போயிருந்தது. டாக்டர், எப்போது தொடங்கியது என்று கேட்டார். மார்லிஸ் முந்திக்கொண்டு, "போன மாசம்" என்றாள்.

சிகிச்சைக்கு ஓஹையோவுக்கு வரச்சொல்லி கெண்ட்ரா கூப்பிட்டாள். அட்டை அங்கே செல்லாது. மார்லிஸ் இருபது வாரம் டக்கோட்டா மருத்துவமனையிலேயே படுத்திருந்தாள். அவளோடு இருந்தவர்கள் இரண்டே பேர். கெண்ட்ரா விடுப்பு தீரும்வரை இருந்தாள். ராய்ஸ் கடைசிவரை மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் வண்டியிலேயே தூங்கினான்.

"சார், வீட்டு முகவரி இல்லாட்டி காலியா விடலாமா?" என்றாள் அந்தப் பெண்.

அடக்கத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெண்ட்ரா வாய் திறந்தாள். ராய்ஸ் கையைக் காட்டி நிறுத்தினான். பணப்பையின் உள்மடிப்பிலிருந்து முகாம் ரசீதை எடுத்தான். எழுத்து வெளுத்திருந்தது. இருவர், ஒரு ராத்திரி.

"அந்த முகாமை எழுதிக்கங்கம்மா" என்றான்.

அவள் எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போனாள். "இந்த மாநிலத்துல எத்தனை வருஷம்?"

ராய்ஸ் ரசீதை மறுபடி மடித்தான். கெண்ட்ரா சொன்னாள்.

"நாலு."