தனகோடியின் ஆறு வார்த்தை இந்தி

நெய்வேலி டவுன்ஷிப்பில் தனகோடி என்று கேட்டால் எந்தத் தனகோடி என்பார்கள். இந்தி தனகோடி என்றால் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி, கன்வேயர் பெல்ட் பக்கம் ஆட்களை வேலை வாங்கும் அளவுக்கு உயர்ந்தவர். அவருக்குக் கீழே வடக்கேயிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் பதினைந்து பேர். அவர்களை மேய்த்ததில் கிடைத்ததுதான் அந்த இந்தி. உட்டாவ் என்றால் தூக்குவார்கள். ரக்கோ என்றால் வைப்பார்கள். ருக்கோ என்றால் நிற்பார்கள். அப்புறம் பின்னால் போகப் பீச்சே, சீக்கிரத்துக்கு ஜல்தி, கிளம்பச் சலோ. ஆக ஆறு. இந்த ஆறை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஷிப்ட் ஓட்டியிருக்கிறார், ஏழாவது தேவைப்படவே இல்லை.

வீட்டிலும் அந்த மரியாதை இருந்தது. போர்வை விற்கும் சேட்டுப் பையன்கள் பிளாக் பக்கம் வந்தால் மனைவி கலியம்மாள் இவரைத்தான் கூப்பிடுவாள். இவர் வெளியே வந்து, 'சலோ, ஜல்தி' என்பார். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். படியாத விலை சொன்னவனைத் துரத்திவிட்டார் என்று கலியம்மாள் பக்கத்து வீட்டில் பெருமை பேசுவாள். போர்வை மட்டும் ஒரு வருஷமும் வந்து சேர்ந்ததில்லை.

பண்ருட்டி டிராவல்ஸ்காரர் ஒருவர் காசி, காத்மாண்டு என்று யாத்திரை கிளப்பியபோது தனகோடி கூட்டாளிகள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கிளம்பினார். ஒருவர் எலக்ட்ரீஷியன் சவரிராஜ். மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் முழங்கால் மடக்காதவர், மலையைப் பார்க்க வந்தார். சர்க்கரைக்காரர், அரைமணிக்கொருதரம் ஒதுங்க வேண்டும். இன்னொருவர் ஸ்டோர்ஸ் அறிவழகன். எதைப் பார்த்தாலும் ஒரு சொல் குத்தாமல் விடமாட்டார்.

காத்மாண்டுவில் ஒருநாள் சும்மா விட்டார்கள். மூவரும் வேன் பிடித்து பக்தபூர் போனார்கள். ராஜாக்கள் இருந்த பழைய ஊர். மதியம் மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சைகையால் சொன்ன டிரைவர், ஒரு கைடையும் கூட்டிவந்து நிறுத்தினார். "நான் இருக்கும்போது கைடு எதுக்கு?" என்று தனகோடி அவரை அனுப்பிவிட்டார்.

தரை, சுவர் எல்லாம் செங்கல். அரண்மனைக்கு ஐம்பத்தைந்து மர ஜன்னல். ஐந்தடுக்குக் கோயில் படியில் கல் மல்லர்களும் யானைகளும் காவல் நின்றன. தனகோடி எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தார். மல்லர்களில் ஒருவன் பேர் பீச்சே சிங் என்றார். காய்கறிக்காரக் கிழவி ஏதோ சொன்னபோது, மழை வருமாம் என்று மொழிபெயர்த்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சவரிராஜுக்கு நேரம் வந்தது. எங்கே ஒதுங்குவதென்று கேட்கச் சொன்னார். முதலில் அரண்மனையைப் பார்ப்போம் என்றார் தனகோடி. இரண்டாம் தடவை, "கேக்கறேன் இரு." மூன்றாம் தடவை சவரிராஜ் இவரை நம்பவில்லை. பானை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் ஒரு சந்துப் பக்கம் கைகாட்டினாள். போனவர்தான்.

முக்கால் மணி ஆயிற்று. ஆளைக் காணோம். மூன்று பேர் போனும் எல்லை தாண்டியதிலிருந்து செத்துக் கிடந்தன.

"கேளுய்யா. இதுக்குத்தான கைடு வாணாம்னு சொன்ன?" என்றார் அறிவழகன். "கேக்கலன்னா விடு. ஊருக்குப் போயி நான் சொல்லிக்கறேன்."

தனகோடிக்கு வியர்த்தது. சவரிராஜ் எப்படியும் கிடைத்துவிடுவார். பன்னிரண்டு வருஷப் பேர் போனால் கிடைக்குமா?

சந்து முனையில் ஒரு தயிர்க்கடை. மண்சட்டியில் தயிர் உறைய வைத்து விற்கிறார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தனகோடி பெல்ட் பக்கம் நிற்பதுபோல இடுப்பில் கைவைத்து நின்றார். வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, கேட்பதற்கென்று தன்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. வேலையிடத்தில் அவர் யாரையும் எதையும் கேட்டதில்லையே. சவரிராஜின் தொப்பையை நினைத்து வயிற்றைக் காட்டி, "ஜல்தி" என்றார். கடைக்காரர் ஒரு சட்டித் தயிரை நீட்டினார். வேண்டாம் என்று, "ரக்கோ" என்றார். இன்னொரு சட்டி வந்தது.

"ரெண்டு சட்டி ஆச்சி. ஆள் எங்க கீறான்னு கேப்பியா, இல்ல தயிர் வாங்கிக்கினே இருப்பியா?"

அறிவழகனின் தமிழைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. இரண்டு கையும் கூப்பி, சிரித்தபடி சொன்னார்: "டேய், தமிழா? உக்காருடா. இன்னா வேணும், சீக்கிரம் சொல்லு. டேபிள் காலி பண்ணு."

பண்ருட்டியில் ஒரு பரோட்டா கடையில் எட்டு வருஷம் இலை எடுத்தவராம். அங்கே காதில் விழுந்ததுதான் அவர் தமிழ்.

அறிவழகன் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தனகோடிக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்பன் செத்த பிறகு அவரை யாரும் டேய் என்றதில்லை.

"யாரப் பாத்து டேய்ங்கற?"

கடைக்காரர் சிரிப்பு அணைந்தது. கூப்பிய கை கூப்பியபடி இருக்க, தலை குனிந்தார். "தப்புதான் மொதலாளி. சம்பளத்துல புடிச்சிக்கோ."

அறிவழகன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

தனகோடி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு தமிழிலேயே, கூட வந்தவரைக் காணவில்லை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க என்றார். கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பத்து நிமிஷத்தில் சவரிராஜைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். குயவர் வீட்டில் மின்சாரச் சக்கரத்துக்கு பிளக் மாட்டிக் கொடுத்து, டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"இந்தி எதுக்குய்யா? ஸ்குரூ டிரைவர் குடுத்தாங்க" என்றார் சவரிராஜ்.

திரும்பி வந்த முதல் ஷிப்டில் பெல்ட்டுக்கு ரோலர் மாற்ற வேண்டியிருந்தது. தனகோடி இடுப்பில் கைவைத்து வாயைத் திறந்தார். உட்டாவ் வரவில்லை. இவர்கள் காதில் அது அந்தத் தயிர்க்காரரின் 'டேய்' மாதிரி விழுமோ என்றிருந்தது. குனிந்து, ரோலரின் ஒரு முனையைத் தானே பிடித்தார். கான்ட்ராக்ட் ஆட்கள் நடுங்கிப்போனார்கள். பெரியவரே தூக்குகிறார் என்றால் நாளைக்குத் தங்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, பதினைந்து பேரும் ஒரே ரோலர் மேல் விழுந்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் தனகோடியின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் லீவ். நேபாளத்துக் கோயில் படியில் ஏறி இறங்கியதில் பிடித்தது என்று வீட்டில் சொல்லிவைத்தார். அறிவழகன் பார்க்க வந்து, ஆமாமா, பீச்சே சிங் தள்ளிவிட்டுட்டான் என்று கலியம்மாளிடம் சாட்சி சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் போர்வைக்காரன் வந்தான். கலியம்மாள் இவரைக் கூப்பிட்டாள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வாசலில் நின்று தமிழிலேயே பேசினாள், விரலைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், சிரிக்கவும் சிரித்தாள். பாதி விலைக்கு ஒன்று வாங்கிவந்து, சித்திரைப் புழுக்கத்தில் அவர் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டாள். தனகோடி கண்ணைத் திறக்கவில்லை. வேர்த்துக்கொண்டே படுத்திருந்தார்.