பல்செட்டு அடித்த பந்து

குடியை நிறுத்த வந்து சேர்ந்த கிறிஸ்தவ இல்லத்தில் அவனுக்கு வைத்த பெயர் பல்செட்டு. வெளியே அவன் பல் கட்டுகிறவன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து முழு செட்டாக்கித் திருப்பி அனுப்புவான். கை நன்றாக இருந்த காலத்தில், அவன் கட்டிய பல்லைப் போட்டுக்கொண்டு மருமகளையே ஏமாற்றிய மாமியார்கள் உண்டு.

குடியில் கை நடுங்க ஆரம்பித்ததும் பிழைப்பு கந்தலானது. ஓய்வுபெற்ற ஒரு நீதிபதிக்குக் கட்டிக் கொடுத்த செட்டில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மனிதர் வாயைத் திறந்தால் விசில் அடித்தது. டாக்டர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

குடியைக்கூட மனைவி பொறுத்துக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது பொய். மாவு மூட்டைக்குள் பாட்டிலை வைத்துக்கொண்டு மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறவனை என்ன செய்வது? இல்லத்து வாசலில் அவனை விட்டுப் போன அன்று சொன்னாள்:

"குடிச்சா குடிச்சேன்னு சொல்லித் தொலைங்க. அடிக்க மாட்டேன், கத்த மாட்டேன். ஆனா இன்னும் ஒரு பொய் சொன்னீங்க, நானும் பொண்ணும் செத்துட்டோம்னு நினைச்சுக்கோங்க."

இல்லத்தை நடத்திய பாஸ்டர், இதய ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதால் கோல்ஃப் மைதானத்துக்குப் போனவர். அங்கேதான் ஆண்டவரைக் கண்டாராம். அதற்கு முன் அத்தனை வருஷம் யாரைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. இல்லத்துக்கு வந்தவர்களுக்கும் அதையே வைத்தியமாக்கினார். கிளப்காரர்கள் பழைய மட்டைகளைத் தானம் செய்தார்கள். குடிகாரர்கள் வரிசையாக நின்று காற்றை வெட்டுவதைப் பார்க்க அவர்களுக்கும் பொழுது போயிற்று.

"இந்த ஆட்டத்துல அம்பயர் கிடையாது பிரதர்" என்பார் பாஸ்டர். "எத்தனை அடின்னு உங்க வாயாலதான் சொல்லணும். பாக்கிறவர் மேல ஒருத்தர்தான். இங்க உண்மை பேசப் பழகினா வீட்டுலயும் வரும்."

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், வைத்தியம் வேலை செய்தது. மூச்சை அடக்கி, பந்தையே பார்த்து, தோளைத் தளர்த்தி அடிக்க அடிக்க, கை அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஒரு காலை, தளும்பத் தளும்ப ஊற்றிய டீயைச் சிந்தாமல் மேஜைவரை கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டுச் சமையல்காரர் முன்னால் விக்கி விக்கி அழுதான்.

அந்தச் சமயத்தில்தான் கிரேன் செத்தார். அவரும் இல்லத்தில் இருந்தவர்தான்; வெளியே கிரேன் ஓட்டியவர், அதனால் அந்தப் பெயர். கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டவன் அன்றைக்கு கிளப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். யாரோ ஒரு தொழிலதிபர் போட்டார், ஊற்றினார். "ஒரு வாய்தானே, அதிர்ஷ்டம் தொத்திக்கட்டும்" என்று கிரேன் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். கிரேன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனவர்தான். பிறகு சாக்கடை ஓரத்தில் பிணமாகக் கிடைத்தார். பாஸ்டர் மனித பலவீனம் பற்றி உருக்கமாகப் பேசினார். கிளப் மலர்வளையம் அனுப்பியது.

பல்செட்டு வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. ஆட்டம் முடிந்ததும் கிளப் வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் ஜெபம் செய்து மனைவியிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அவள் டாக்ஸியில் மகளோடு வந்திருந்தாள்.

ஏழாவது குழி ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அடிக்கும் இடத்திலிருந்து கொடியின் நுனி மட்டும்தான் தெரியும். பல்செட்டு அடித்த பந்து மேட்டைத் தாண்டி மறைந்தது. மற்றவர்கள் மணலில் மாட்டிய பாஸ்டரின் பந்தைத் தோண்டிக்கொண்டிருக்க, இவன் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தான். பந்து குழிக்குள் இருந்தது.

பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஆயுசு முழுக்க ஏங்கிக் கிடக்கும் அடி. வராந்தாவில் வரிசையாக நிற்கப்போகும் கிளாஸ்கள்தான் இவன் கண்ணில் தெரிந்தன. ஒன்று நிச்சயம் தன் கைக்கு வரும், அதை வேண்டாமென்று சொல்ல அந்தக் கைக்குத் தெம்பு இருக்குமா என்று அவனுக்கே தெரியவில்லை. பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வராந்தாவில் பாஸ்டர் வழக்கம்போல் ஒவ்வொருவரையும் கணக்குச் சொல்லச் சொன்னார். பல்செட்டு எழுந்து நின்றான்.

"ஏழாவதுல பந்து தொலைஞ்சு போச்சு பாஸ்டர். வேற பந்து வச்சு ஆடினேன். ஆறு அடி."

மனைவி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து எவ்வளவு காலம்! பாஸ்டர் ஜெபிக்கக் கண்ணை மூடிய நேரத்தில், புல் வெட்டும் ஆள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"சார், உங்களுக்குக் கை குடுக்கலாம்னு வந்தேன்! ஒரே அடி, நேரா உள்ள! நான் கண்ணால பாத்தேன். நீங்க எடுத்துப் பாக்கெட்ல போட்டீங்களே!"

கிளப்காரர்கள் கூரை அதிரக் கத்தினார்கள். யாரோ பாருக்குக் குரல் கொடுத்தார். பாஸ்டர் மட்டும் கையை நீட்டினார். பல்செட்டு பந்தை எடுத்து அதில் வைத்தான்.

"இன்னும் நாள் ஆகும் சிஸ்டர்" என்றார் பாஸ்டர், மனைவியைப் பார்த்து. "குணம் வந்துட்டதா நானும் நம்பிட்டேன்."

பல்செட்டு அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய், கிரேன் கதையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீங்க சொல்ற காரணம் நிஜம்தான். நம்புறேன்."

"அப்போ வீட்டுக்குப் போலாமா?"

"முன்னெல்லாம் பொய் சொன்னா உங்க கை இன்னும் ஜாஸ்தியா நடுங்கும். அதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னீங்க, விரல்கூட ஆடலை. நானும் பல்லை இளிச்சுட்டு உக்காந்திருந்தேன். இனிமே எதை வச்சுங்க நான் உங்களைக் கண்டுபிடிக்கிறது?"

உள்ளே கிளாஸ்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்கள். அவள் படியிறங்கிப் போனாள். டாக்ஸியின் பின் சீட்டில் மகள் அப்பாவுக்கு இடம் விட்டு ஜன்னலோரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். மனைவி அந்த இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.