இழுக்காத இன்ஜின்

போன வருடம் பங்குனி மாதம், ஒரு நாள் பிற்பகல், தோளில் பையோடு அல்லிநகரத்திலிருந்து பெரியகுளம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மெக்கானிக் ஷெட் வேலையை அப்போதுதான் உதறியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்ட பிறகு நான் உதறிய வேலைகளில் அது எத்தனையாவது என்று நினைவில்லை.

முதலாளியோடு வந்த சண்டைக்குக் காரணம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, என்னைவிட வயது அதிகம். மாந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மா தானே ஓட்டி வருவார். ஒரு மாதமாக இழுவை இல்லை. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஒழுங்காக ஓடும். மேடு வந்தால் திணறிக் கரும்புகை விடும். பிளக் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழுவினோம். பலனில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார் முதலாளி.

"பிரிச்சா சாமான் கிடைக்காது. வண்டிய எடைக்குத்தான் போடணும்" என்றார் அந்த அம்மா, ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காமல்.

"இன்ஜின்ல கோளாறு இல்லண்ணே" என்றேன்.

"ஏலே எட்டாப்பு, அப்ப எங்கன இருக்குன்னு காட்டு" என்றார் முதலாளி.

காட்டத் தெரியவில்லை. கிளம்பிவிட்டேன்.

வழியில் ஒரு விவசாயி வாய்க்காலிலிருந்து மோட்டார் குழாயை இழுத்துப் போட்டு, அதன் வாயில் கட்டியிருந்த துணியை அறுத்துக்கொண்டிருந்தார். பாசி ஏறாமலிருக்க எங்கள் பக்கம் அப்படிக் கட்டுவோம். துணி சேறேறித் தோல் மாதிரி ஆகியிருந்தது. "எந்தப் பய இம்புட்டு நெருக்கமாக் கட்டுனான்? தண்ணி எங்கிட்டு ஏறும்?"

கால் நின்றுவிட்டது. ஒரு மாதம் முன்பு அந்தக் காரின் காற்று வடிகட்டி உதிர்ந்துபோனபோது, தோப்புத் தூசி நுழையக் கூடாதென்று வடிகட்டி டப்பாவுக்குள் வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டியவன் நான்தான். கார்புரேட்டரைக் கழுவியபோதும் டப்பாவைத் திறக்காமல் அப்படியே கழற்றி அப்படியே மாட்டியதால் யார் கண்ணிலும் படவில்லை.

பெரியகுளம் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஏறவில்லை. திரும்பி வேகமாக நடந்தேன்.

ஷெட்டில் அந்த அம்மா பக்கத்தில் நிற்க, இன்ஜின் போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். துணி கட்டியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தேன். துணி எண்ணெயும் தூசியுமாகக் கறுத்து, காற்று நுழைய வழியில்லாமல் இறுகிக் கிடந்தது.

"ஏலே, அந்த வேட்டியாவது தொவைச்சதா?" என்றார் முதலாளி.

துணியை எடுத்துவிட்டு, போல்ட்டுகளை முடுக்கிக் கொடுத்தோம். அந்த அம்மா மேட்டில் ஓட்டிப் பார்த்தார். திணறல் இல்லை, புகை இல்லை. திரும்பி வந்து, "நீ வராட்டி இந்நேரம் இன்ஜின் தரையில கெடக்கும் தம்பி" என்றார்.

மறுநாள் காலை அதே ஷெட்டில் எனக்குக் கிடைத்த வேலை, வரும் வண்டிகளின் காற்று வடிகட்டிகளைத் திறந்து சுத்தம் செய்வது. இன்றும் ஒரு வண்டி இழுக்கவில்லையென்றால், நான் கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.