காந்தாவின் கொழுந்தனார் ஊரைத் துறந்த கதை

நடு அறையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. அடுப்படியில் நண்டு கழுவிக்கொண்டிருந்த காந்தா கையை நிறுத்தினாள். விம்மல் மெல்ல ஏறி, உச்சியில் உடைந்து, "என்னைப் பெத்த மண்ணே" என்ற தழுதழுப்பில் முடிந்தது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அதே விம்மல், அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் உடைந்தது. காந்தா மறுபடி நண்டைக் கழுவத் தொடங்கினாள். முதல் தடவை வெளிச்சம் சரியாக விழவில்லை போலிருக்கிறது.

உள்ளே அழுதுகொண்டிருந்தவர் அவள் கொழுந்தன் ரஞ்சித்குமார், இறந்துபோன கணவனின் ஒரே தம்பி. அம்பத்தூரில் இரண்டாவது மாடியில் வீடு, ஒரு கம்பெனியில் ஸ்டோர் மேற்பார்வை, தலைக்குச் சாயம், நெற்றிக்கு விபூதி. இவை போக, 'ஏரித்தாயின் மடியில்' என்று யூடியூபில் ஒரு சேனல். மாதம் ஒருமுறை பழவேற்காடு ஏரிக்கரையிலிருக்கும் கோட்டைக்குப்பத்துக்கு வந்து, அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, பிறந்த ஊரை நினைத்துக் கண்ணீர் வடிப்பார். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கூடவே வடிப்பார்கள்.

அந்தக் கண்ணீருக்குச் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. ஃப்ரிட்ஜின் மேல் கிழிந்த வலையைப் போர்த்த வேண்டும். மிக்சி கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிக்கு வீட்டுக்குள் இடமில்லை. காந்தா நைட்டியில் குறுக்கே வரக் கூடாது. ஒருமுறை கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகைச் சொருகி, அவளை ஊதச் சொன்னார். "புகை கண்ணுக்குள்ள போச்சுன்னா நல்லா இருக்கும் அண்ணி" என்றார். போயிற்று. அந்தப் படத்துக்கு இதயங்கள் குவிந்தன. காந்தாவுக்கு இருமல் நிற்க இரண்டு வாரம் ஆனது.

இன்னொருமுறை அவளையே காமிரா முன்னால் உட்காரவைத்து, அவள் பிறந்த வைரவன்குப்பத்தின் இனிய நினைவுகளைச் சொல்லச் சொன்னார். காந்தா உண்மையாகவே யோசித்தாள். நல்ல தண்ணிக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டும், காலில் முள் குத்தும், மழை வந்தால் வீட்டுக்குள் பாம்பு வரும் என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் ஞாபகம் இல்லை என்றாள். ரஞ்சித்குமார் அவள் பேச்சை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புல்லாங்குழல் சேர்த்துவிட்டார்.

படங்களில் அவர், நைனா என்று கூப்பிடும் தம் அப்பாவோடு நிலா வெளிச்சத்தில் ஏரியில் படகு வலித்திருக்கிறார். காந்தாவின் கணவர் சொன்னது வேறு. நைனா சின்னவனைப் படகில் ஏற்றியது ஒரே ஒரு நாள். அன்றைக்குப் பிடித்த மீன் முழுவதின் மேலும் அவன் வாந்தி எடுத்தான். அதன் பிறகு கரையில் இருந்தபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்து, பள்ளி முடிந்ததும் பொன்னேரி பஸ் ஏறியவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாந்தி இதுவரை எந்தப் படத்திலும் வரவில்லை.

இதிலெல்லாம் காந்தாவுக்கு வருத்தம் கிடையாது. விடியுமுன் எழுந்து பழவேற்காடு ஏலத்துக்குப் போய், எறா வாங்கி, ஐஸ் போட்டு, பஸ்ஸில் மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடையோடு நின்று, பொன்னேரி சந்தையில் விற்றுவிட்டு வருகிறவள் அவள். மாதத்தில் ஒருநாள் ஒரு மனிதர் வந்து அழுதுவிட்டுப் போவதற்கெல்லாம் வருத்தப்பட நேரமில்லை. ஆனால் இன்றைக்கு அந்த மனிதரிடம் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். அதில் பங்கு இருக்கிறவன் மீனவன். இல்லாதவன் அடுத்தவன் வலையை இழுத்துக் கூலி வாங்குகிறவன். கணவர் இருந்தவரை இந்த வீட்டுக்குப் பங்கு இருந்தது. அவர் மாரடைப்பில் போனதும், நைனாவின் பங்கு உயிரோடிருக்கும் மகனுக்குத்தான் என்று ஊர் சொல்லிவிட்டது. அந்த மகன் கெங்கையம்மன் கோயில் வாசலில் நின்று, தான் இனி இந்த ஊரான் இல்லை என்று தன் வாயால் சொன்னால்தான் பங்கு பேரனுக்கு இறங்கும். போனில் சொன்னால் செல்லாது. ஆள் விட்டுச் சொன்னாலும் செல்லாது. வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம். போன வருடம் கொழுந்தனாருக்குச் சொல்லியனுப்பினாள். மனசு தாங்காது என்று வராமலே இருந்துவிட்டார். அவள் மகன் கவியரசன் இன்னொரு வருடம் அடுத்தவன் வலையை இழுத்தான். இந்த வருடக் கூட்டம் இன்று சாயங்காலம்.

நண்டுக் குழம்பை அவர் முன்னால் வைத்தாள். அதை மூன்று கோணத்தில் படமெடுத்துக்கொண்டு, தயிர் இருக்கிறதா என்று கேட்டார். ஓடு உடைப்பது பல்லுக்கு ஆகாதாம். தயிரை ஊற்றிக்கொண்டே காந்தா பாடு விஷயத்தைக் கேட்டாள்.

ரஞ்சித்குமார் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஊரான் இல்லன்னு என் வாயால சொல்லணுமா அண்ணி? அதுக்கு என் கழுத்த அறுத்துடுங்க."

"உன் கழுத்து எனக்கு இன்னாத்துக்கு தம்பி? புள்ளைக்குப் பாடுதான் வேணும்."

பிள்ளைக்காக உயிரையும் தருவேன், ஆனால் வேரைத் தரமாட்டேன் என்று அவர் ஆரம்பித்தார். வேர், விழுது, தொப்புள்கொடி எல்லாம் ஒரு சுற்று வந்தன. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஊர்த் தலைவர் கண்ணப்பன், கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்ல வந்தவர், நிலையில் சாய்ந்து நின்றபடி கொஞ்சம் கேட்டார். பங்கை வைத்துக்கொள்வதானால் ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஆனால் பங்குக்காரன் தன் நாளில் தானே தண்ணீரில் இறங்கி வலை பிடிக்க வேண்டும். சீட்டு விழுந்தால் நாளைக்கேகூட இறங்க வேண்டியிருக்கும்.

ரஞ்சித்குமாருக்குச் சர்க்கரை இருந்தது. இரத்த அழுத்தம் இருந்தது. முதுகில் ஒரு எலும்பு விலகியிருந்தது. திங்கட்கிழமை ஆடிட் இருந்தது. "மானசீகமா நான் எப்பவும் தண்ணியிலதான் நிக்கிறேன் தலைவரே" என்றார்.

"மானசீகமா நின்னா எறா விழாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணப்பன் போய்விட்டார்.

காந்தா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கெஞ்சியாயிற்று. காலில் விழலாம், விழுந்தால் அதையும் படமெடுப்பார். அந்த நினைப்பு வந்ததும் அவள் அப்படியே நின்றாள். டிவியில் சாயங்காலத் தொடர்களை ஒருநாள் விடாமல் பார்த்தவள் அவள். இந்த மனிதரிடம் நியாயம் கேட்பது வீண், இவருக்கு வேண்டியது ஒரு காட்சி என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டது தப்பு தம்பி" என்றாள். "எந்த மனுசனால முடியும்? அண்ணன் புள்ளைக்காக பொறந்த ஊரையே தூக்கிக் குடுக்கறதுன்னா, அதெல்லாம் கதையில வர்றவங்க செய்யறது. அழுதுக்கினே குடுப்பான், ஊரே பார்த்துக்கினு நிக்கும். நெசத்துல யாரு கீறாங்க அப்படி?"

ரஞ்சித்குமார் சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"கோயில் வாசல்ல சாயங்கால வெளிச்சம் எந்தப் பக்கமா வரும் அண்ணி?"

மேற்காலதான், முகத்துக்கு நேராக விழும் என்றாள் காந்தா.

கோயில் வாசலில் ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்த ரஞ்சித்குமார் நடுவில் வந்து நின்றார். எதிரே போனைப் பிடித்துக்கொண்டு கவியரசன். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். ஏரியைத் தாய் என்றார், அலையைத் தாலாட்டு என்றார், நிலாவை மட்டும் இரண்டு முறை சொன்னார். காந்தாவுக்கு அதில் எதுவும் காதில் ஏறவில்லை. அந்த ஒரு வார்த்தை எப்போது வரும் என்று முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். பாதியில் மனம் மாறிவிடுவாரோ, பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்தாள்.

கடைசியில் சொல்லிவிட்டார். "இன்னியிலிருந்து நான் இந்த ஊரான் இல்லை. என் பாடு என் அண்ணன் மகனுக்கு." சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, கையை விரித்து, அப்படியே நின்றார். யாராவது எழுந்து ஓடிவந்து, "வேணாம் ரஞ்சித்து" என்று கட்டிப்பிடிக்க வேண்டிய இடம் அது. அதற்காகவே நேரம் விட்டிருந்தார்.

ஒருவர் கொட்டாவி விட்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் கண்ணப்பன். "சரி. பாடு கவியரசனுக்கு. அடுத்த வீட்டுக்காரர் வாங்க."

காந்தா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் நிற்காமல் அழுகை வந்தது. தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, பார்க்க ஒன்றும் நன்றாக இல்லாத அழுகை. அதை யாரும் படமெடுக்கவில்லை. போன் கொழுந்தனாரின் பக்கம் திரும்பியிருந்தது.

பையை எடுக்க வீட்டுக்கு வந்த ரஞ்சித்குமார் உடனே கிளம்பவில்லை. முதல்முறையாக அவர் முகத்தில் ஒத்திகை பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. நாற்காலியைத் தேடினார், அது வாசலுக்கு வெளியே கிடந்தது. நின்றுகொண்டே கேட்டார்.

"ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலியே அண்ணி."

காந்தாவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. காய்ந்த எறா ஒரு பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"நீ பஸ் ஏறினப்பவும் யாரும் சொல்லலியே தம்பி. அப்போ நீ அத கவனிக்கல."

பொட்டலத்தை மூக்குக்குத் தூரமாகப் பிடித்தபடி அவர் படியிறங்கினார். ஆட்டோ காத்திருந்தது. பாதி தூரம் போனவர் திரும்பி, போனை உயர்த்தி, ஆட்டோ தெருமுனையைத் தாண்டும்வரை கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நிற்க முடியுமா என்று கேட்டார். கையசைத்தால் இன்னும் நல்லதாம்.

"மணல் உள்ள வருது தம்பி" என்று சொல்லிவிட்டு, காந்தா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.