பிறை கண்ட மாலையில் எடுத்த கோல்

பிள்ளைகளே,

நோன்பு திறக்க ரோல்ஸ் வாங்கப் போன கடையில், பில் போடும் கம்பியூட்டரைக் காட்டி, "இது எங்கட வாப்பாட கம்பனி செஞ்சது" என்று சின்னவன் காசாளரிடம் பெருமையாகச் சொன்னான். நான் அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று வழியெல்லாம் கேட்டீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அதில் ஓடும் புரோகிராம் எங்கள் கம்பனி செய்ததுதான், ஆனால் நான் செய்யவில்லை. ஓ.எல். பரீட்சை வரை பள்ளியில் படித்த எனக்கு அது தெரியவும் தெரியாது. கண்டி, பிலிமத்தலாவை, கம்பளை என்று மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போய் அதை விற்பதுதான் என் வேலை. புரோகிராம் எழுதுவது எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி. அவர் ஒருவர்தான். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார்.

சில வருடங்களுக்கு முன், பிலிமத்தலாவையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் என்னிடம் குறை சொன்னார். நோன்பு மாதத்தில் அவர் கடை விடியுமுன் சாப்பிடும் சஹர் வரை திறந்திருக்கும். கம்பியூட்டரோ இரவு பன்னிரண்டு மணிக்கே நாளை மாற்றிவிடும். ஒரே இரவின் வியாபாரம் இரண்டு நாளாகப் பிரிந்து கிடக்கும்.

"அது சின்ன வேல ஹாஜியார், செஞ்சி தாரோம்" என்றேன். சின்ன வேலையா பெரிய வேலையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதைக் கேட்டுத் தங்கச்சி தன் தலையில் கை வைத்தார். "நானா, பன்னெண்டுக்கு நாள் மாறுறது புரோகிராமில எத்தனயோ எடத்தில ஈக்கு. கடைக்காரர் பட்டன அமத்தினாத்தான் நாள் முடியும் எண்டு எல்லாத்தயும் மாத்தணும். ரெண்டு கிழமை தாங்க, பதினாலு நாளும் வேணும்."

"ரெண்டு கிழமையா? நோம்பு வாசலுக்கு வந்திட்டு. இப்பத்திக்கி ஏதாச்சும் செஞ்சி உடுங்களே."

அவரும் ஏதோ செய்தார். நோன்பு தொடங்கும் தேதியைப் புரோகிராமுக்குள் கையாலேயே எழுதினார். அந்தத் தேதி முதல் நோன்பு மாதம் முழுக்க, நாள் பன்னிரண்டுக்கு மாறாமல் சஹருக்குப் பிறகே மாறும். நோன்பு முடிந்ததும் ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்றார். முடிந்தது. அதற்குள் நான் வேறொரு கடைக்கு வேறொன்றைச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அடுத்த வருடமும் அதே கதை.

நோன்பு தொடங்கும் தேதி பிறை பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வருடமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரேடியோவில் பிறைச் செய்தி வந்ததும், நாமெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் உட்கார்ந்து கடை கடையாக அந்தத் தேதியை எழுதுவார். நான் விற்க விற்க அவர் எழுத வேண்டிய கடைகளும் கூடின.

இப்படிப் பாதியில் விட்ட வேலைக்கு அவர்கள் தொழிலில் தொழில்நுட்பக் கடன் என்று பெயராம். விட்ட மிச்சம் எங்கேயும் போகாது, அதன் மேல் வைக்கும் ஒவ்வொரு வேலையையும் கனமாக்கும் என்று ஒரு நாள் அவரே சொன்னார். நான் சிரித்தேன். கடனை வாங்கியது நான், வருடா வருடம் கட்டியது அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருடம் அவர் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தார். பிறை கண்ட மாலை ஹாஜியார் ஃபோனில் கோல் எடுத்தார். "பொற கண்டாச்சி. கம்பியூட்டர் ரெடிதானே?" தங்கச்சியின் நம்பரை அழுத்தினேன். அவருடைய உம்மா எடுத்தார்.

"புள்ள பொறந்து இன்னும் நாப்பது நாள் முடியல்ல. ஒங்கட கந்தோருல வேல செய்ய வேற ஆளே இல்லயா?"

"சின்ன வேலதான் மாமி..."

"ஒங்கட ஊட்டுக்காரிக்கும் நாப்பதுக்குள்ள இப்பிடித்தான் சின்ன வேல குடுத்தீங்களா?"

பின்னால் குழந்தை அழுதது. "உம்மா, ஃபோனக் குடுங்க" என்ற குரல் கேட்டது. தங்கச்சி கடைகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன். கடைசியாகக் கம்பளையில் ஒரு கடையையும் சொன்னேன்.

"அது எப்ப வந்த?"

"போன மாசம்."

"அவங்களுக்கும் இதச் சொல்லித்தான் வித்தீங்களா நானா?"

"ம்."

தங்கச்சி ஃபோனை வைத்துவிட்டார். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அத்தனை கடைக்கும் எழுதி முடித்துவிட்டு அவரே திரும்ப எடுத்தார். "முடிஞ்சி. லீவு முடிய வேலைக்கு வாரதா இல்லயா எண்டு யோசிக்கிறேன் நானா." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். களைப்பாகச் சொன்னார்.

எவ்வளவு ஆசையாகச் செய்த வேலையை அவர் விடப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் முதலாளியிடம் போனேன். தங்கச்சி வந்தால் முதல் இரண்டு கிழமையும் நாள் மாறும் அந்த ஒரு வேலைக்கே கொடுக்க வேண்டும், அதுவரை எந்தக் கடைக்கும் புதிதாக எதையும் சொல்லக்கூடாது என்றேன்.

"கடைக்காரங்களுக்கு ஆரு சொல்ற?"

"நான்தான்."

ஹாஜியார் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஃபோனில் ஓடர் எடுக்கும் வசதி வேண்டும் என்றிருந்தார். இப்போது முடியாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கட வாயில இல்லங்கிற சொல்லும் ஈக்கா? இவ்வளவு நாளும் எங்க வெச்சிருந்தீங்க?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நடந்ததைத் தங்கச்சிக்கு எழுதி அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது. "வாரேன். ஆனா லீவு முடியும் வரைக்கும் எனக்குக் கோல் எடுக்க வேணாம்."

நான் எடுக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போவோம் என்று உங்கள் உம்மா உடுப்பு வாங்கி வைத்துக்கொண்டு நாளும் கேட்கிறார். அந்த வீட்டு வாசலில் தங்கச்சியின் உம்மா நிற்பார். அவர் அன்று கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.